ஒரு பக்கம் கனத்த சக்கரம் ஏன் நின்றுவிடுகிறது?

பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் ஏழு ஐஸ் குச்சிகளைக் கீல் போல ஆடும்படி கட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கனமான நட்டை மாட்டினேன். இறங்கும் பக்கம் வரும்போது குச்சி வெளியே நீட்டிக்கொள்ளும்; ஏறும் பக்கம் போனதும் ரிம்மோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அச்சிலிருந்து தள்ளி இருக்கும் எடைதான் சக்கரத்தை அதிகமாகத் திருப்பும். அப்படியானால் இறங்கும் பக்கம்தானே எப்போதும் ஜெயிக்க வேண்டும்? சுழற்றிவிட்டேன். டக், டக் என்று குச்சிகள் விழுந்தன. இரண்டு மூன்று சுற்று சுற்றியது, கொஞ்சம் பின்னுக்கு ஆடியது, நின்றுவிட்டது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் ரிம்மைச் சுழற்றினால் அதைவிட நெடுநேரம் ஓடியது!

யாரும் தள்ளாமல் ஓயாது சுழலும் சக்கரம் என்பது மிகப் பழைய ஆசை. சக்கரத்தின் குழாய் போன்ற ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் ஊற்றி அடைத்தால் அது தானே சுழலும் என்று 12-ம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் வில்லார் த ஹொன்னெகூர் ஏழு சுத்தியல்கள் தொங்கும் சக்கரத்தை வரைந்து வைத்தார்.

சக்கரத்தை ஓடும்போது பார்க்காமல், நின்றபின் பாருங்கள். நீட்டிய நட்டுகள் தூரத்தில் இருக்கின்றன, ஆனால் அந்தப் பக்கம் மூன்றுதான். எதிர்ப்பக்கம் கிட்டத்தில் நான்கு. கணக்குக்கு, அச்சிலிருந்து பக்கவாட்டில் சராசரியாக 40 செ.மீ. தூரத்தில் மூன்று, 30 செ.மீ. தூரத்தில் நான்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கே 120, இங்கேயும் 120. தூரத்தில் கிடைத்த லாபம் எண்ணிக்கையில் போய்விட்டது. படம் வரையும்போது நம் கண் நீட்டிய குச்சியை மட்டும் பார்க்கிறது, எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தை எண்ண மறந்துவிடுகிறது.

சரி, வேறு வடிவம், நெம்புகோல், பல்சக்கரம் என்று மாற்றினால்? அதுவும் உதவாது. 100 கிராம் நட்டு அரை மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய அரை ஜூல் ஆற்றல் தரும். அதே அரை மீட்டர் ஏற்ற அதே அரை ஜூல் வேண்டும். வளைந்து போனாலும் நேராகப் போனாலும் புவியீர்ப்பு உயர வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்து நட்டு பழைய இடத்துக்கு வந்தால் மிச்சம் பூஜ்யம். அதிலும் ஒவ்வொரு ‘டக்’ சத்தமும், அச்சின் உராய்வும் கையிலிருப்பதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வெறும் ரிம் அதிக நேரம் ஓடியது இதனால்தான்.

“புவியீர்ப்பு ஓயாமல் இழுக்கிறதே, அது வீணாகத்தானே போகிறது?” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விசை வேறு, ஆற்றல் வேறு. உத்திரத்துக் கொக்கி முப்பது வருஷம் ஊஞ்சலைத் தாங்குகிறது, அதற்கு யாரும் எரிபொருள் ஊற்றுவதில்லை. எடை இறங்கினால்தான் ஆற்றல் வரும். மறுபடி இறங்க வேண்டுமானால் யாராவது மேலே ஏற்றியாக வேண்டும். அணையில் விழும் தண்ணீரை அப்படி ஏற்றி வைப்பது சூரியன்.

இந்த விவாதத்தில் கடைசியாக வரும் பெயர் யோகான் பெஸ்லர், தானே ஓடும் சக்கரம் செய்துவிட்டதாகச் சொன்னவர். 1717 நவம்பரில், ஜெர்மனியின் காசெல் அருகே ஒரு கோட்டையில் அவருடைய சக்கரத்தை ஓடவிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 1718 ஜனவரியில் திறந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் உள்ளமைப்பை அவர் துணியால் மூடியே வைத்திருந்தார். பின்னர் தானே அதை உடைத்தும் போட்டார். உள்ளே பார்க்க விடாத ஒன்றை ஆதாரமாக என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய ஆள்: ஃபிளெமிஷ் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின். 1586-ல் அவர் ஒரு முக்கோணக் கட்டையின் மேல் 14 குண்டுகள் கோத்த மாலையைப் போட்டார், காகிதத்தில்தான். நீளமான சரிவில் நான்கு குண்டுகள், அதில் பாதி நீளமுள்ள செங்குத்துச் சரிவில் இரண்டு, மீதி எட்டும் கீழே தொங்குகின்றன. நான்கு இரண்டை இழுத்துவிடாதா? ஒரு குண்டு அளவு நகர்ந்தாலும் மாலை முன்பிருந்த மாதிரியேதான் இருக்கும். அப்படியானால் அது என்றென்றும் நகர வேண்டும், அது நடக்காது. ஆகவே மாலை அசையாது. கீழே தொங்கும் எட்டும் இரு பக்கமும் சமமாக இழுப்பதால் அவற்றை வெட்டிவிடலாம். மிஞ்சுவது: நீளச் சரிவில் நான்கும் குட்டைச் சரிவில் இரண்டும் சமம். நியூட்டனுக்கு நூறு ஆண்டு முன்பே சாய்தளத்தின் விதி கிடைத்துவிட்டது, ஓயாத இயந்திரம் ஓடாது என்ற ஒரே பிடியிலிருந்து. அந்த மாலையைத் தன் புத்தகத்தின் முகப்பில் அச்சிட்டு, அதனுடன் அவர் எழுதினார்: “அதிசயம், ஆனால் அதிசயமல்ல.”