டீசி இல்லையென்று பிள்ளையை வீட்டில் இருத்தாதீர்கள்

சென்ற வாரம் நெல்லை மேலப்பாளையத்தில் இடைநின்ற குழந்தைகளைத் தேடி வீடு வீடாகச் சென்றபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தாயின் முறத்தருகே அமர்ந்து, அவர் சுற்றிப் போட்ட பீடிகளின் முனைகளை மடித்துக்கொண்டிருந்தான். டவுனிலிருந்து வாடகை குறைந்த வீட்டுக்கு மாறி வந்து ஏழு மாதம் ஆகிறதாம். "பழைய பள்ளிக்கூடத்துல ஃபீஸ் பாக்கி இருக்கு, அதக் கெட்டுனாத்தான் டீசி தருவோம்னு சொல்லுதாங்க டீச்சர்" என்றார் தாய். இந்தக் கல்வியாண்டில் நான் இப்பதிலைக் கேட்பது ஐந்தாம் முறை.

புகையிலைத் தூள் பிள்ளைக்கு ஆகாது என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது டீசி எனப்படும் மாற்றுச் சான்றிதழைத்தான். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தையின் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லையென்றும் மறுக்க முடியாது. அது 14-ஆம் பிரிவு. டீசி கட்டண வசூலுக்கான கருவி அன்று எனச் சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கூறிவிட்டது. (இதைப் பெற்றோரைவிடச் சில தலைமையாசிரியர்களுக்கே நான் அதிகமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

"இனி இவனுக்குப் படிப்பு ஏறாது" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு என்பதை மனக்கணக்காகச் சொன்ன அச்சிறுவன், கடன் வாங்கிக் கழிப்பதில் மட்டுமே தடுமாறினான். இவனைப் போன்றோரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிப்பது, சட்டம் எங்கள் மீது சுமத்திய கடமை.

ஆகவே, வீடு மாறிய மறுநாளே அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். காகிதங்கள் பிறகு வரட்டும். தொடக்க வகுப்பென்றால் காலையுணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். சேர்க்க மறுத்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழையுங்கள். வாசலில் நின்று கெஞ்சாதீர்கள்.

வீட்டு உரிமையாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாடகையை உயர்த்தவோ காலி செய்யச் சொல்லவோ உங்களுக்குக் காரணம் இருக்கலாம். அவ்வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால், முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரையாவது தயைகூர்ந்து பொறுத்திருங்கள்.