வளையம் பிடிக்கும் கையையும் கவனியுங்கள்: வீட்டில் எம்பிராய்டரியும் குயில்ட்டும் செய்பவர்களுக்கு

கை வலியோடு சிகிச்சைக்கு வருபவர்களில் பலர், தாங்கள் எம்பிராய்டரி செய்வதை முதல் சந்திப்பில் சொல்வதே இல்லை. சமையல், துணி துவைத்தல், கைப்பேசி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, கடைசியில் தயங்கியபடி, "கொஞ்சம் தையல் வேலையும் செய்வேன்" என்பார்கள். இனி ஊசியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற அச்சம்தான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம். கைகளுக்கான மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி ஒரு தடையை நான் விதிக்க நேர்வது மிக அரிது.

சொல்லப்போனால், ஊசி வேலைக்கும் எங்கள் துறைக்கும் பழைய உறவு உண்டு. முதல் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய வீரர்களுக்கு, நடுங்கும் கைகளையும் கலங்கிய மனத்தையும் நிலைப்படுத்தும் பயிற்சியாக எம்பிராய்டரி கற்பிக்கப்பட்டது. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு நகரில் லூயிசா பெசல் என்ற கலைஞர் அத்தகைய வீரர்களுக்குக் கற்பித்தார். 1919-இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாட்டுக்காக, பலிபீடத்தின் முன்விரிப்பு ஒன்றைக் காயமடைந்த வீரர்கள் 130-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து தைத்தார்கள். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கு அகலக் கண் கொண்ட துணியையும் தடித்த கம்பளி நூலையும் முனை மழுங்கிய ஊசியையும் இன்றும் நாங்கள் கொடுப்பதுண்டு. ஆகவே தையலைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. அது எந்த நேரத்தில், எந்த இடத்தில் உடலை வருத்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், முதுமை வரையிலும் அதைத் தொடரலாம்.

வீட்டிலேயே இருக்க நேரும் காலத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. பணி ஓய்வு, பிரசவ விடுப்பு, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வு என்று காரணம் எதுவாக இருந்தாலும், அதுவரை வாரத்தில் ஓரிரு முறை அரை மணி நேரம் மட்டும் தைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தினமும் நான்கைந்து மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்துவிடுகிறார். ஆர்வம் ஒரே நாளில் பெருகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. நேரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுபவர்களுக்கு வராத வலி, ஒரே வாரத்தில் பத்து மடங்காக்குபவர்களுக்கு வருவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

வலி வந்ததும் எல்லாரும் ஊசி பிடிக்கும் கையைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் ஊசி பிடிக்கும் கை அசைந்துகொண்டே இருக்கிறது. குத்துகிறது, இழுக்கிறது, மேலே போகிறது, திரும்பி வருகிறது. அசையும் தசைக்கு இரத்த ஓட்டம் தடையின்றிக் கிடைக்கும். துணியை விறைப்பாக வைக்கும் வளையத்தைப் பிடித்திருக்கும் மற்றொரு கையோ ஒரு மணி நேரம் ஆனாலும் ஒரே பிடியில் இறுகிக் கிடக்கிறது. இறுகிய நிலையிலேயே இருக்கும் தசைக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் குறைவதால், அது அசையும் தசையைவிட வேகமாகச் சோர்கிறது. வலது கைப் பழக்கமுள்ளவர்கள் பலர் இடது கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி என்று வருவதன் காரணம் இதுதான்.

இதைக் கண்டறிய நான் செய்வதெல்லாம், தைத்துக்கொண்டிருக்கும் வேலையையே கொண்டுவரச் சொல்லி, என் எதிரில் உட்கார்ந்து தைக்கச் சொல்வது மட்டுமே. முதல் சில நிமிடங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சற்று நேரத்தில் பேச்சு குறைந்து, கவனம் முழுவதும் துணிக்குள் போய்விடும். அப்போது வளையத்தின் விளிம்பில் இருக்கும் கட்டைவிரலைப் பார்த்தால், நகத்தின் கீழுள்ள சிவப்பு வெளிறி வெண்மையாகியிருக்கும். நுனி மூட்டு பின்பக்கமாக வளைந்திருக்கும். மணிக்கட்டு உள்நோக்கி மடங்கியிருக்கும். அதே பக்கத்துத் தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். "பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்" என்றால், "நான் இறுக்கிப் பிடிக்கவே இல்லையே" என்பார்கள். உண்மையிலேயே அவர்களுக்கு அது தெரிவதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் 1 கிலோ அளவு விசையோடு கிள்ளிப் பிடிக்கும்போது, கட்டைவிரலின் அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அளவுக்கு அழுத்தம் சேர்வதாக உயிரியந்திரவியல் கணக்கீடுகள் காட்டுகின்றன. நுனியில் சிறிதாகத் தெரியும் இறுக்கம் அடியில் பெரும் பாரமாக இறங்குகிறது.

எனவே என் முதல் பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: வளையத்தைக் கையிலிருந்து விடுவியுங்கள். மேசையில் பொருத்தும் பிடியும், தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும் தாங்கியும் கிடைக்கின்றன. அவை இல்லையென்றால், மடியில் ஒரு தலையணையை வைத்து, வளையத்தை மேசை விளிம்புக்கும் தலையணைக்கும் இடையே சாய்த்து நிறுத்தினாலே பாதிப் பாரம் குறைந்துவிடும். வளையம் தானாக நிற்கும்போது ஒரு கையைத் துணியின் மேலும் மற்றொரு கையைத் துணியின் கீழும் வைத்துத் தைக்க முடிவதால், மணிக்கட்டை ஒவ்வொரு தையலுக்கும் முறுக்க வேண்டிய தேவையும் நீங்குகிறது. பழகுவதற்குச் சில நாள் ஆகும். கீழே இருக்கும் கை தொடக்கத்தில் ஊசியைத் தேடித் தடவும். அந்தச் சில நாளைப் பொறுத்துக்கொண்டவர்கள் பழைய முறைக்குத் திரும்புவது அரிது. வளையத்தையே பிடித்துத் தைப்பதுதான் பிடிக்கும் என்பவர்கள், விரல்கள் நடுப்பகுதி வரை சிரமமின்றி எட்டும் சிறிய வளையத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் உள்வளையத்தைப் பருத்தி நாடாவால் சுற்றிவிட்டால் துணி வழுக்காது. மூட்டுவாதம் உள்ளவர்கள் வளையத்தின் திருகாணியை விரலால் முறுக்காமல் திருப்புளியால் இறுக்கலாம்.

நூலின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். அடிக்கடி ஊசியில் நூல் கோக்கச் சலித்து, கை விரியும் அளவுக்கு நீளமாக வெட்டிக்கொள்பவர்கள் உண்டு. அப்படி வெட்டினால் ஒவ்வொரு இழுப்புக்கும் தோள் முழுவதுமாக உயர்ந்து இறங்க வேண்டும். நூலும் துணியில் உரசி உரசி நைந்துபோகும். ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் போதும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நூல் தீர்ந்ததும் ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கி, தோள்களைச் சுழற்றி, சன்னலுக்கு வெளியே தொலைவில் எதையாவது பார்த்துவிட்டு, பிறகு அடுத்த நூலைக் கோப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், இடைவேளைக்கென்று தனியாக அலாரம் வைக்க வேண்டியதில்லை. அலாரத்தை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து தைப்பவர்கள்கூட நூல் தீர்ந்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

குயில்ட் வேலையில் சிக்கல் வேறு விதமானது. மேல் துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித் துணி என மூன்றையும் துளைத்து ஊசியை இழுக்க வேண்டியிருப்பதால், இங்கே ஊசி பிடிக்கும் கட்டைவிரலுக்கே பாரம் அதிகம். அடித் துணிக்கு நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்புத் துணியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தையலும் போராட்டமாகிவிடும். சற்றுத் தளர்வாக நெய்த பருத்தித் துணியே கைத்தையலுக்கு ஏற்றது. நடு அடுக்கில் கம்பளியோ பாலியெஸ்டரோ இருந்தால் ஊசி எளிதாக இறங்கும். மழுங்கிய ஊசியைச் சிக்கனம் கருதி வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசி வழுக்கும்போது இன்னும் இறுக்கிக் கிள்ளுவதற்குப் பதிலாக, ஆள்காட்டி விரலில் ஒரு ரப்பர் உறையை மாட்டிக்கொண்டால் பாதி விசையிலேயே ஊசி வெளியே வந்துவிடும். ஊசியைத் தள்ளும் நடுவிரலுக்குத் திம்பிள் என்னும் கடினமான விரலுறை அவசியம். நீரிழிவால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள், துணிக்கு அடியில் இருக்கும் விரலுக்கும் கட்டாயம் உறை அணிய வேண்டும். குத்தியதே தெரியாமல் போன காயம் சீழ்பிடித்த பிறகே கண்ணில் படும்.

பெரிய குயில்ட்டின் எடை மணிக்கட்டில் தொங்கக் கூடாது. மேசையில் பரப்பியோ, பக்கத்தில் ஒரு நாற்காலியில் சுருட்டி வைத்தோ, தைக்கும் பகுதி மட்டும் மடியில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். துணி வெட்டும் உருளைக் கத்தியை நின்றுகொண்டு, உடலுக்கு எதிர்த்திசையில் தள்ளி வெட்டுங்கள். அளவுகோலின் விளிம்புக்கு வெளியே விரல் நீட்டியிருப்பதால் ஏற்படும் வெட்டுக் காயங்கள் ஆழமானவை. கத்தியைக் கையிலிருந்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அலகை மூடிவிடுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எம்பிராய்டரியைவிடக் குயில்ட்டே உடலுக்கு நல்லது என்பது என் கருத்து: வெட்டுதல், இஸ்திரி போடுதல், துண்டுகளை அடுக்கிப் பார்த்தல் என்று எழுந்து நடமாடும் வேலைகள் அதில் நிறைய இருக்கின்றன. எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில் வெட்டி முடித்துவிட்டு, பிறகு நாள்கணக்கில் உட்கார்ந்தே தைப்பதற்குப் பதிலாக, இவற்றைக் கலந்து செய்யுங்கள்.

கழுத்தும் கண்ணும் சேர்ந்தே பாதிக்கப்படுபவை. தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும்; அது முன்னால் சாயச் சாயப் பின்கழுத்துத் தசைகள் தாங்க வேண்டிய பாரம் பன்மடங்காகும். பெரும்பாலும் நாம் குனிவது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால்தான். 40 வயதைக் கடந்தவர்களுக்கு வாங்கும் கண்ணாடி வழக்கமாகப் புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது; எம்பிராய்டரியோ அதைவிட அருகில் இருக்கும். நீங்கள் தைக்கும் நிலையில் கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, கண் பரிசோதகரிடம் அந்த அளவைச் சொல்லிக் கண்ணாடி பெறுங்கள். 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சென்று சேர்கிறது என்பதால், வயதானவர்கள் விளக்கைக் கூட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. விளக்கு, ஊசி பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கமிருந்து வரட்டும். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கைச் சன்னலருகே திறந்த நிலையில் விட்டுவிடாதீர்கள். அதன்வழி குவியும் வெயில் துணியில் தீப்பற்ற வைத்துவிடும்.

ஊசி தொலையாமலிருக்கச் சிறு காந்தங்களைத் துணியில் பொருத்துபவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அவற்றை மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் காந்தங்களே வேண்டாம்; ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு குடலைத் துளைத்துவிடக்கூடும்.

எந்த வலியைப் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். தைத்து முடித்து இரண்டு மணி நேரம் கழிந்த பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால், அன்று செய்த வேலை அளவுக்கு மிஞ்சியது என்று கொள்ளுங்கள். அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால், அது மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்பல் டன்னல் பிரச்சினையாக இருக்கலாம். கர்ப்பம், நீரிழிவு, தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். காலையில் விரல் மடங்கிச் சிக்கிக்கொண்டு 'டக்' என்று விடுபடுவதும், கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலிப்பதும் தசைநாண் உறைகள் தடித்துவிட்டதன் அறிகுறிகள். பின்னதைக் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் அதிகம் பார்க்கிறோம். குழந்தையைத் தூக்குவதும் வளையத்தைப் பிடிப்பதும் அதே நாண்களைத்தான் வருத்துகின்றன. இவை எதையும் தைலம் தடவிப் பல மாதம் தள்ளிப்போட வேண்டாம். தொடக்கத்திலேயே வந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையும் பிடி மாற்றமுமே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மெலிந்த பிறகு வருபவர்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

வலி அடங்கியதும், விட்ட இடத்திலிருந்தே அதே நுணுக்கமான வேலையைத் தொடராதீர்கள். முதல் வாரம் தடித்த ஊசி, தளர்ந்த நெசவுள்ள துணி, காம்புத் தையல், சங்கிலித் தையல் போன்ற பெரிய தையல்கள், தாங்கியில் நிற்கும் வளையம், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. மறுநாள் காலையில் வலி இல்லையென்றால் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நெருக்கமான சாட்டின் தையலும் பிரெஞ்சு நாட் முடிச்சும் மூன்றாவது, நான்காவது வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.