சர்வருக்கு எந்த லினக்ஸ்? பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள்

சர்வருக்கு லினக்ஸ் வகையைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், மென்பொருளின் பதிப்பு எண் பழையதாக இருந்தால் பாதுகாப்பும் பழையது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டெபியன், உபுண்டு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகள் அந்த எண்ணை வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருப்பவை.

2024 ஜூலை 1 அன்று, சர்வருக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் கடுமையான ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. உள்நுழைய வருபவர் குறித்த கெடுவுக்குள், வழக்கமாக 120 நொடிக்குள், தம்மை உறுதிசெய்யாவிட்டால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது வேறு வேலையின் நடுவே குறுக்கிட்டு ஓடும் நிரல்பகுதி, லாக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) ஒரு வரி எழுதப் போய், நினைவகம் பாதி மாறிய நிலையில் அதைக் குலைத்துவிடக்கூடும் என்பதால், தொலைவிலிருந்தே ரூட் அதிகாரத்தை, அதாவது சர்வரின் முழுக் கட்டுப்பாட்டை, பறிக்க வழி இருந்தது. 2006 இல் அடைக்கப்பட்ட இந்த ஓட்டை 8.5 பதிப்பில் மீண்டும் திறந்துகொண்டது, 8.0 பதிப்புடன் இருந்த ரெட் ஹாட் 8 இதில் சிக்கவே இல்லை.

ஓப்பன்எஸ்எஸ்எச் குழு 9.8 பதிப்பில் இதைச் சரிசெய்தது. ஆனால் அதே பதிப்பில், உள்நுழைவில் திரும்பத் திரும்பத் தவறும் முகவரிகளைத் தற்காலிகமாகத் தடுக்கும் வசதி தானாகவே இயங்கத் தொடங்கியது. லாக்கில் பதிவாகும் நிரலின் பெயரும் சில இடங்களில் மாறியது. அந்தப் பெயரை நம்பி எழுதிய கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். 9.2 பதிப்பை வைத்திருந்த டெபியன் 12, திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தன் பழைய மூலநிரலில் பொருத்தியது. இதைத்தான் பேக்போர்ட்டிங் என்கிறார்கள். எண் 9.2 ஆகவே நின்றது. அதன் வால் மட்டும் ‘டெப்12யு3’ என்று மாறியது. முன்னெண்ணை மட்டும் பார்க்கும், ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர்கள், ஓட்டை அடைபட்ட பின்னும் அபாயம் என்று அலறுவது இதனால்தான். பேக்கேஜின் சேஞ்ச்லாக்கில் (மாற்றங்களின் பட்டியலில்) அந்த ஓட்டையின் சிவிஇ எண், அதாவது ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் அடையாள எண், இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

ஆகவே, இந்தப் பொறுமையான வேலையை யார், எத்தனை ஆண்டுகள் செய்வார்கள் என்பதே என் முதல் கேள்வி. ரெட் ஹாட் 10 ஆண்டுகள், உபுண்டு எல்டிஎஸ் 5 ஆண்டுகள், டெபியன் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் தரும் நீட்டிப்பையும் சேர்த்து சுமார் 5 ஆண்டுகள். வாக்குறுதியும் மாறலாம்: 2029 வரை என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8 (ரெட் ஹாட் 8 இன் இலவச மறுவடிவம்), 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பால் 2021 இறுதியிலேயே முடிந்தது. உபுண்டுவின் இலவச 5 ஆண்டு உறுதி ‘மெயின்’ களஞ்சியத்துக்கு மட்டுமே உரியது. உங்கள் சர்வர் நம்பியிருக்கும் பேக்கேஜ் சமூகம் பராமரிக்கும் ‘யுனிவர்ஸ்’ களஞ்சியத்திலிருந்து வருகிறதா என்பதை நிறுவும் முன்பே பார்த்துவிடுங்கள்.