மூன்றரை விநாடி

திருப்பூரில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. துணி எவ்வளவு வேகமாக எரிகிறது என்று பார்ப்பது என் மேசையில்தான். அமெரிக்காவுக்குப் போகும் துணி என்றால் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் துண்டு வெட்டி, ஓவனில் வைத்து ஈரத்தை எடுத்து, 45 டிகிரி சாய்வில் சட்டத்தில் மாட்டுவோம். கீழ்முனையில் 1 விநாடி தீ காட்டுவோம். மேலே குறுக்காக ஒரு நூல் ஓடும். தீ ஏறிவந்து அதை அறுத்ததும் நூலில் தொங்கும் எடை டக்கென்று விழும், டைமர் நின்றுவிடும். சராசரி 3.5 விநாடிக்குக் கீழே போனால் சாதாரணத் துணி ஃபெயில். அதுவே சதுர மீட்டருக்கு 88 கிராமைத் தாண்டிய, பஞ்சு எழும்பாத துணி என்றால் இந்த டெஸ்ட்டே வேண்டாம் என்கிறது விதி. மெல்லிசுத் துணிக்குத்தான் இத்தனை சந்தேகமும்.

அந்த டக் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 19ஆம் நூற்றாண்டு பாரிஸ் பாலே நினைவுக்கு வரும்.

பாரிஸ் ஓபராவுக்கு 1822இல் கேஸ் விளக்கு வந்தது. பத்து வருடம் கழித்து, 1832 மார்ச் 12 அன்று, 'லா சில்ஃபீட்' என்ற பாலே அங்கே அரங்கேறியது. மரீ தக்லியோனி வெள்ளைவெளேரென்று மணி வடிவப் பாவாடையில் கால் நுனியில் நின்றார். அரங்கில் வெளிச்சத்தைத் தணித்தால் அந்த வெள்ளை மட்டும் நிலா மாதிரி மிதக்கும். அதன் பிறகு வனதேவதை, ஆவி, பட்டாம்பூச்சி என்று எந்த வேடமாக இருந்தாலும் அதே பாவாடைதான். டார்லட்டன் என்ற துணி அது. நெருக்கமில்லாமல் நெய்த மெல்லிய பருத்தி, கஞ்சி போட்டு விறைப்பாக்கியது. அதை அடுக்கடுக்காகத் தைத்தார்கள்.

எங்கள் கண்ணோட்டத்தில் இதைவிட மோசமான சாம்பிள் கிடையாது. எடை குறைவு என்பதால் சூடேற நேரமே பிடிக்காது. இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு நூலுக்கும் நாலு பக்கமும் காற்று. அடுக்குகளுக்கு நடுவிலும் காற்று, புகைபோக்கி மாதிரி. போதாததற்கு, போட்டிருப்பவள் சுழல்கிறாள்.

1844 டிசம்பர் 14 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற பாலே நடனக்காரரின் பாவாடை மேடையில் இருந்த எண்ணெய் விளக்கில் பட்டது. கூட ஆடியவர்கள் கிட்டே போக முடியவில்லை. அவர்கள் உடுத்தியிருந்ததும் அதே துணி. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

மருந்து இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. 1821லேயே கே-லுசாக் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், அரங்குத் துணிகளை அமோனியம் உப்புகளிலும் வெண்காரத்திலும் நனைத்தால் தீ பரவாது என்று காட்டிவிட்டார். 1859இல் பிரான்ஸில் கார்த்தெரோன் என்பவரின் முறைப்படி மேடைத் திரைகளையும் உடைகளையும் உப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும் என்று அரசாணையே போட்டார்கள். ஆனால் தோய்த்த பாவாடை மங்கலாகிவிடும், விறைத்துவிடும். தக்லியோனியின் சிஷ்யை எம்மா லிவ்ரி, தனக்குச் சாதாரணப் பாவாடையே போதும் என்று எழுதியே கொடுத்துவிட்டாள். 1860இல் அவள் ஆடிய 'லு பாப்பியோன்' பாலேயின் கதையில், தீப்பந்தத்தில் பட்டாம்பூச்சியின் சிறகு கருகும்.

1862 நவம்பர் 15, ஒத்திகை. உட்காரும்போது பாவாடை கசங்கக் கூடாதே என்று அடுக்குகளைத் தூக்கி உதறினாள் என்கிறார்கள். அந்தக் காற்றில் கேஸ் தீ தாவியது. எரிய எரிய மேடையில் ஓடினாள். தீயணைப்பு வீரர் ஒருவர் பிடித்துப் போர்வையால் மூடுவதற்குள் உடை போய்விட்டது. எட்டு மாதம் கிடந்து, 1863 ஜூலை 26 அன்று இறந்தாள். இருபது வயது. எஞ்சிய துணித் துண்டுகளை ஒரு சின்னப் பெட்டியில் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்கள் உடனே அவளுடைய பிடிவாதத்தைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாவாடை மிதக்கிற அழகுதான் அவள் பிழைப்பு. தீயைக் கூண்டுக்குள் அடைக்கும் வேலையை அரங்கு செய்திருக்கலாம்; அதை விட்டுவிட்டு உடுத்துகிறவளின் துணியை மாற்றச் சொன்னார்கள். இன்றைக்கும் துணி வாங்கும் பையரிடம் ஃபெயில் ரிப்போர்ட் போனால் முதல் கேள்வி, "கெமிக்கல் போட்டா துணி மொடமொடன்னு ஆயிடுமே?" என்பதுதான்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். போன வருடம் என் பெண்ணுக்குப் பள்ளி ஆண்டுவிழாவில் தேவதை வேடம். கையில் நிஜ மெழுகுவர்த்தி, உடம்பில் வாடகைக்கு எடுத்த நெட் கவுன். ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த நெட்டில் கொஞ்சம் வெட்டி மேசையில் மாட்டினேன். பாலியெஸ்டர் நெட் தீயைக் கண்டதும் உருகிச் சுருங்கி விலகியது. நூல் அறுபடவில்லை. பேப்பரில் அது பாஸ். அப்புறம் உள்ளே இருந்த பருத்தி லைனிங்கில் ஒரு துண்டை நெட்டோடு சேர்த்து மாட்டினேன். உருகியது சொட்டிப்போக வழியில்லாமல் பருத்தி அதைத் திரி மாதிரி பிடித்துக்கொள்ள, எரிந்து தீர்ந்தது. எங்களிடம் துணி தனித்தனியாகத்தான் வரும். பிள்ளைகள் போடுவது சேர்த்து.

அதனால் நான் துணியோடு மல்லுக்கட்டவில்லை. வெண்காரத்தில் முக்கினால் பாலியெஸ்டரில் சரியாகப் பிடிக்காது. பருத்தியில் பிடித்தாலும் ஒரு துவையலில் போய்விடும். டீச்சரிடம் பேசி மெழுகுவர்த்திக்குப் பதிலாக பேட்டரி விளக்கு வாங்க வைத்தேன், பதினெட்டுப் பிள்ளைகளுக்கும். குத்துவிளக்கை மேடையின் ஓரத்துக்குத் தள்ளி, ஏற்றி முடித்ததும் எடுத்துவிடச் சொன்னேன். பக்கவாட்டில் ஒரு கனமான பருத்திப் போர்வையும் ஒரு பெரியவரும் இருக்க ஏற்பாடு.

பெண்ணுக்கு வீட்டில் ஒன்று மட்டும் பழக்கினேன்: துணியில் தீப்பிடித்தால் ஓடாதே. நில், முகத்தைக் கையால் மூடு, கீழே படு, உருள். நிற்கிற உடம்பில் தீ மேலே ஏறும், ஓடினால் காற்று அதற்கு உதவி. அணைந்ததும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஹாலில் பாய் விரித்து நாலு தடவை உருண்டு காட்டினாள். ஐந்தாவது தடவை சிறகையும் மாட்டிக்கொண்டு உருண்டாள். கம்பி வளைந்துவிட்டது. வாடகைக் கடையில் 150 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.