கவுன்ட்டரைக் கூட்டினால் மட்டும் பாஸ்போர்ட் விரைந்து வந்துவிடுமா?

ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல நினைக்கும் மாணவர்களும் கோடை விடுமுறைப் பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பங்களும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால், பாஸ்போர்ட் சேவை மையங்களில் முன்பதிவு கிடைப்பது கடினமாகிவிடுகிறது. பயண ஆவணங்கள் தொடர்பான வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில், அந்த நாள்களில் நான் அதிகம் கேட்பது, "இன்னொரு மையம் திறந்தால் என்ன?" என்ற கேள்வியைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் நெரிசல் எந்த இடத்தில் உண்டாகிறது என்று பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மையங்களைப் பெருக்குவதில் அரசு சும்மா இருந்துவிடவில்லை. டிசிஎஸ் என்ற தனியார் கணினி நிறுவனத்தின் துணையோடு 2012-க்குள் நாடெங்கும் 77 சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. அவை பெரும்பாலும் மாநகரங்களிலேயே இருந்ததால், 2017 ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் தலைமை அஞ்சலகங்களுக்குள்ளேயே மையம் திறந்து பார்த்தார்கள். மக்களவைத் தொகுதிக்கு ஒன்று என்ற இலக்கோடு தொடர்ந்த அந்தத் திட்டத்தில் இன்று நானூறுக்கும் மேற்பட்ட அஞ்சலக மையங்கள் இயங்குகின்றன. சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களை நம்பியிருந்த தமிழகத்தின் சிற்றூர் மக்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

சேவை மையத்துக்குள் நுழைந்தவர்களுக்கு ஏ, பி, சி என்ற மூன்று கட்டங்கள் நினைவிருக்கும். புகைப்படமும் கைரேகையும் எடுத்து ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் ஏ கவுன்ட்டரில் இருப்பவர்கள் தனியார் நிறுவன ஊழியர்கள். ஆவணங்களைச் சரிபார்க்கும் பி கவுன்ட்டரிலும், பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவெடுக்கும் சி கவுன்ட்டரிலும் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் அந்த அதிகாரத்தை அரசிடமே வைத்திருக்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆகவே நிறுவனம் தன் ஊழியர்களைச் சில வாரங்களில் இரட்டிப்பாக்க முடிந்தாலும், பி, சி கட்டங்களுக்குப் புதிய பணியிடங்கள் ஒப்புதல் பெற்று நிரப்பப்படும் வரை, வாசலில் இருந்த வரிசை உள்ளே இடம் மாறி நிற்குமே தவிரக் குறையாது. அதற்கு அப்பால் காவல்துறைச் சரிபார்ப்பு இருக்கிறது. குடியுரிமையும் குற்றப் பின்னணியும்தான் அதில் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன என்றாலும், பந்தோபஸ்துப் பணிகளுக்கு நடுவே அதைச் செய்யும் காவலருக்கு இது பல வேலைகளில் ஒன்று. திருவிழா, தேர்தல் காலங்களில் கோப்பு தேங்குவதைக் கண்டு வியப்பதற்கில்லை.

தேவை எப்போது கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். வயது வந்தோருக்கான பாஸ்போர்ட் பத்தாண்டுகள் செல்லும். 2017 முதல் அஞ்சலக மையங்கள் வழியாக முதன்முறை பாஸ்போர்ட் எடுத்தவர்கள் 2027 முதல் மறுவழங்கலுக்கு வரிசையாக வருவார்கள். இந்தக் கணக்கு வெளியுறவு அமைச்சகத்தின் தரவுகளிலேயே இருக்கிறது. பணியிடங்களை இப்போதே கேட்டு வாங்காமல், நெரிசல் வந்தபின் சனிக்கிழமைச் சிறப்பு முகாம் நடத்திச் சமாளிப்பது திட்டமிடல் ஆகாது.

கிடைக்கும் முன்பதிவு இடங்களை நாமும் வீணாக்குகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆவணக் குறைவால் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரும் மீண்டும் வரும்போது, வேறொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறார். நம்மவர்களிடம் இதற்கு முதற்காரணம் இனிஷியல். விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும்; ஆனால் பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்தாகவும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயராகவும், பான் அட்டையில் முன்பின் மாறியும் அது நிற்கும். குடும்பப் பெயருக்கான பத்தியை வெறுமையாக விட்டவர்களுக்கு வேறு சிக்கல்: ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பலர் பதறிப்போனார்கள், இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் அது தளர்த்தப்பட்டது.

எனவே முன்பதிவு செய்வதற்கு முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே பிறந்த தேதிக்கான ஆதாரம். இப்போது குடியிருக்கும் முகவரியையே கொடுங்கள்; ஊர் முகவரியைக் கொடுத்துவிட்டுச் சென்னையில் வேலை பார்ப்பவரைக் காவலர் தேடிச் சென்று, ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். 2018 முதல் நாட்டின் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். சரிபார்ப்பு மட்டும் நீங்கள் குறிப்பிட்ட முகவரியில் நடக்கும். ஆகவே சென்னையில் தேதி கிடைக்காதவர் திருச்சியையோ கோவையையோ பார்க்கலாம். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்பதால், காலாவதிக்கு ஓராண்டு இருக்கும்போதே மறுவழங்கலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் 1,500 ரூபாயில் முடியும் வேலைக்கு, விரைவாகப் பெறும் தட்கல் முறையில் கூடுதலாக 2,000 ரூபாய் கட்ட நேராது.