இழுக்காத நேரத்தில் ஓடும் படகு

புதுச்சேரியில் நான் போகும் ஜிம்மில் துடுப்பு வலிக்கும் எந்திரம் ஒன்று மூலையில் கிடக்கிறது. சறுக்கும் இருக்கை, முன்னால் ஒரு காற்றாடிச் சக்கரம், இழுக்க ஒரு சங்கிலி. புதிதாக வரும் பையன்கள் முதல் வேலையாகச் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை 10-க்குத் தள்ளிவிட்டு, கைகளாலேயே மாங்கு மாங்கென்று இழுப்பார்கள். இரண்டு நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். எழுந்து டிரெட்மில்லுக்குப் போய்விடுவார்கள்.

அந்த 10 கஷ்டத்தின் அளவே இல்லை. சக்கரக் கூட்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதைத்தான் நெம்புகோல் முடிவு செய்கிறது. சைக்கிள் கியர் மாதிரி. போட்டி வீரர்கள் பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் நடுவில்தான் வைத்துக்கொள்வார்கள். இதைவிட வேடிக்கை எந்திரத்தின் உள்கணக்கு. நீங்கள் இழுத்து முடித்து, சும்மா முன்னால் திரும்பி வருகிறீர்களே, அப்போது சக்கரம் எப்படித் தளர்கிறது என்பதை அது அளக்கிறது. காற்றின் தடையை அதிலிருந்து தெரிந்துகொண்டுதான் நீங்கள் எத்தனை வாட் கொடுத்தீர்கள் என்று காட்டுகிறது.

தண்ணீரிலும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்பாறு படகுத்துறையில் இறங்கியவர்கள் கவனித்திருப்பார்கள்: நாம் கரையில் கால் வைத்ததும் படகு பின்னால் நழுவும். போட்டிப் படகில் ஒவ்வொரு முறை துடுப்பு வலிக்கும்போதும் இது நடக்கிறது. ஒற்றையர் படகுக்கு விதிப்படி குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் உட்காருபவர் 80, 90 கிலோ இருப்பார். அவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். வலித்து முடித்ததும் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு, படகின் பின்முனையை நோக்கிச் சறுக்குகிறார். கனமான ஆள் பின்னால் போனால் லேசான படகு என்ன செய்யும்? அவருக்கு அடியில் முன்னால் பாயும். படகின் உச்ச வேகம் வருவது அப்போதுதான், துடுப்பு காற்றில் இருக்கும்போது. மறுபடி காலை உதைக்கத் தொடங்கும் கணத்தில் வேகம் சட்டென்று விழுகிறது, ஏனென்றால் அந்த உதை முதலில் படகைத்தான் பின்னுக்குத் தள்ளுகிறது.

வேகம் ஏறி இறங்கினால் என்ன, சராசரி ஒன்றுதானே என்று கேட்கலாம். தண்ணீர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவையான சக்தி கிட்டத்தட்ட வேகத்தின் கனமாக, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில், ஏறுகிறது. ஜிம் எந்திரமும் இதே கனக் கணக்கில்தான் ஓடுகிறது. 500 மீட்டரை 2 நிமிடத்தில் கடக்கச் சுமார் 203 வாட் வேண்டும். 1 நிமிடம் 50 நொடியில் கடக்க 263 வாட். வெறும் 10 நொடிக்கு 30 சதவீதம் கூடுதல் விலை! வேகமாகப் போகும் பொழுதில் கொட்டும் சக்தியை மெதுவாகப் போகும் பொழுதில் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் பயிற்சியாளர்கள் "இழு, இழு" என்று கத்துவதைவிட "மெதுவாகத் திரும்பி வா" என்று நச்சரிப்பது அதிகம். வலிக்கும்போது கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். சக்தியில் ஏறக்குறைய பாதி காலிலிருந்து வருகிறது. ஜிம் பையன்களின் முன்கை கல்லான காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சரி, பயிற்சி? போட்டித் தூரம் 2000 மீட்டர், ஆறிலிருந்து எட்டு நிமிடம். அதில் செலவாகும் ஆற்றலில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மூச்சில் வாங்கும் ஆக்சிஜனை நம்பியே வருகிறது. ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவு மெதுவானது: நிமிடத்துக்கு 18, 20 முறை துடுப்பு வலிப்பார்கள். போட்டியில் அதுவே 34, 36-க்குப் போகும். இந்த மந்தமான மணிநேரங்கள்தான் தசைகளுக்குள் நுண்ரத்தக் குழாய்களையும், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் பெருக்குகின்றன. வறட்சிக்குப் பேர்போன நாசிக் பகுதியில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைப் பிடித்த தத்து போகனல், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13-வதாக வந்தார். கடற்கரையில் பிறந்த நமக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

நம் கடற்கரையில் வேறு சில தொல்லைகள் உண்டு. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது, உடம்பு குளிராது. தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே திரும்ப, அதே வேகத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் கடிகாரத்தைப் பார்த்து அல்ல, நாடியைப் பார்த்துப் பயிற்சி செய்வதுதான் புத்தி. விடியற்காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். கடற்காற்று ஏறிவிட்டால் சிற்றலை எழும்பிவிடும். ஒல்லிப் படகுக்கு அது ஆகாது.

அப்புறம் ஆழம். கடலூர் பக்கம் உப்பங்கழிகளில் மணல் மேடிட்ட இடங்கள் நிறைய. ஆழம் குறைந்த நீரில் அலை ஓடக்கூடிய வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. 2 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். 2000 மீட்டரை ஏழரை நிமிடத்தில் முடிக்கும் ஒற்றையர் படகின் வேகமும் அதேதான். அங்கே படகு தான் எழுப்பிய அலையைத் தாண்ட முடியாமல் அதன் மேலேயே ஏறப் பார்க்கும். என்ன வலித்தாலும் நகராத மாதிரி இருக்கும். திடீரென்று நேரம் மோசமானால் கையைக் குறை சொல்லாமல் முதலில் ஒரு மூங்கிலை விட்டு ஆழம் பாருங்கள்.