ஒரு டீ குடிக்கவும் மனம் கூசும் காலத்தில்

புற்றுநோய் சிகிச்சைக்கு வருபவர்களின் குடும்பத்தாருக்கு மனநல ஆலோசனை வழங்குவது என் பணியின் பெரும்பகுதி. நோயாளியை எல்லாரும் நலம் விசாரிப்பார்கள். உடன் வந்தவரிடமோ, ரிப்போர்ட் வாங்கியாயிற்றா, பணம் கட்டியாயிற்றா என்று மட்டுமே கேட்பார்கள். அவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்க ஆள் இருப்பதில்லை. கேட்டாலும் பலர் உண்மையைச் சொல்வதில்லை என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்திருந்த ஒரு தம்பதியை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவருக்குக் கன்னத்தில் புற்றுநோய். வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஏழு வாரம் கதிர்வீச்சு. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் வற்றி, தண்ணீர் கூட எரிந்ததால், மூக்கு வழியாகக் குழாய் வைத்துக் கஞ்சியும் பாலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் என் அறைக்கு வந்தது தலைசுற்றலுக்காக. பரிசோதித்த மருத்துவர், உடம்பில் கோளாறு எதுவுமில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்.

நெடுநேரப் பேச்சுக்குப் பிறகுதான் சொன்னார். மருத்துவமனைக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கும் வாசனை வார்டு வாசல் வரை வரும். தினமும் சாலையைக் கடந்து கடை வரை போவார், நின்று பார்ப்பார், திரும்பிவிடுவார். “அவருக்கு ஒரு வாய்த் தண்ணி இறங்கல டாக்டரம்மா. எனக்கு மட்டும் டீ கேக்குதாக்கும்?” ஊரில் இருந்தவரை ஒரு நாளும் விடாமல் வைத்த மல்லிகைப் பூவையும் நிறுத்தியிருந்தார். புருஷன் படுத்துக்கிடக்கும்போது தலையில் பூவோடு தன்னைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர்களில் துன்பம் வந்த வீட்டுப் பெண் சிரித்தாலே கணக்கு வைத்துக்கொள்ளும் கண்கள் உண்டு.

துயரத்தின் நடுவே கிடைக்கும் சிறு சுகத்தை ஏற்றுக்கொள்வது அன்புக்குச் செய்யும் துரோகம் என்றே நம்மில் பலர் ஆழமாக நம்புகிறோம். ஆனால் துயரமும் மகிழ்ச்சியும் ஒன்று வந்தால் மற்றொன்று வெளியேறும் பொருள்கள் அல்ல. 1990களின் தொடக்கத்தில், எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் இன்றைய கூட்டு மருந்துகள் வராத காலத்தில், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த தம் துணைவர்களைப் பராமரித்த சான்ஃபிரான்சிஸ்கோ ஆண்களை உளவியலாளர் சூசன் ஃபோக்மனின் குழு இரு மாதத்துக்கு ஒருமுறை சந்தித்துப் பேசியது. துன்பங்களைப் பற்றி மட்டுமே கேட்கிறீர்களே, நல்லவற்றையும் கேளுங்கள் என்று பங்கேற்றவர்களே சொன்னார்கள். அதன்படி கேட்டபோது, அந்த நாள்களைத் தாண்டிவரத் துணைநின்ற நல்ல தருணம் ஒன்றையாவது ஏறக்குறைய எல்லாராலும் சொல்ல முடிந்தது. சமைத்த உணவை ஒருவர் பாராட்டியது, வழியில் ஒரு பூவைப் பார்த்தது போன்றவைதான் அவை. அவர்களுடைய துயரம் அதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை. அதைச் சுமக்கும் தெம்பு மட்டும் கூடியது. 1997இல் வெளியான இந்த ஆய்வு முடிவுகளைத்தான் பராமரிப்பாளர்களிடம் நான் அதிகம் எடுத்துச் சொல்கிறேன்.

நன்றியுணர்வைப் பயிற்சியாகவே செய்து பார்த்தவர்களும் உண்டு. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோயுடன் வாழ்பவர்கள் மூன்று வாரம் தினமும் தாம் நன்றியுடன் நினைப்பவற்றை எழுதியபோது, மனநிலையும் உறக்கமும் ஓரளவு மேம்பட்டன. பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான் என்கிறார்கள். என் அனுபவமும் அதுவே. ஆகவே இதை மருந்துச் சீட்டு போல எழுதிக்கொடுக்கக் கூடாது.

நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பணிக்கு வந்த புதிதில், தாயைப் பராமரித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதி வரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக் கொண்டுவந்தார். தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை. “கிரிக்கெட் ஓடுது, பாக்குறேன். எதுவும் மனசுல ஒட்டல டாக்டர். நான் நல்லவனா இருந்தா ஏதாவது தோணியிருக்கும்ல?” என்று கேட்டார். அவருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். என் நோட்டு, அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ள இன்னொரு காரணத்தைத்தான் கொடுத்திருந்தது.

அந்த அம்மாளும் இந்த இளைஞரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். இருவருமே டீயை வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த அம்மாளுக்கு வாசனை இழுக்கிறது, குற்றவுணர்வு தடுக்கிறது. இளைஞருக்கோ வாசனையே எட்டவில்லை. முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமை, உறக்கமும் பசியும் கெடுதல், எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் ஆகியவை நாளின் பெரும்பகுதியில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அவரிடம் இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு என்று யாரும் சொல்லாதீர்கள். அவருக்குத் தேவை சிகிச்சை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் என்ற கணக்கே வேண்டாம், உடனே உதவியை நாட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

குற்றவுணர்வால் தடுக்கப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் அனுமதிதான் தேவைப்படுகிறது. அதை நோயாளியே கொடுப்பது போல வேறு யாரும் கொடுக்க முடியாது. அந்த அம்மாளின் ஒப்புதலோடு அவரையும் கணவரையும் சேர்த்து உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். கணவரால் சரியாகப் பேச முடியாது. சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். வெகுநேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதினார்: “போய்க் குடிச்சிட்டு வா. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு.”

மறுநாளிலிருந்து அந்த அம்மாள் டீ குடித்தார். திரும்பி வந்து சொல்லவும் செய்தார். சூடு போதவில்லை, இன்றைக்கு இஞ்சி தூக்கல், கடைக்காரர் டம்ளரை விளிம்பு வரை நிரப்பினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு வாயையும் கவனித்துக் குடிக்கத் தொடங்கினார். நன்றியுணர்வு என்று ஏட்டில் எழுதுவது இந்தக் கவனிப்பைத்தான் என்று நான் நினைக்கிறேன். உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார் என்று ஒப்பிட்டு வரவழைக்கும் ஆறுதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த ஒப்பீட்டைக் கேட்டவர் வாயை மூடிக்கொள்வாரே தவிர, அவர் மனம் லேசாகி நான் பார்த்ததில்லை. பூ வைத்துக்கொள்ள மட்டும் அவருக்கு இன்னும் நாளானது, நானும் வற்புறுத்தவில்லை.

சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது என்னையும் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். குழாய் எடுத்தாகிவிட்டது. எச்சில் இன்னும் சரியாக ஊறாததால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையே பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டார். ருசி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவே மனைவி பக்கம் திரும்பி, “இன்னிக்கு இஞ்சி போட்டானா?” என்று கேட்டார்.

“போட்டான்,” என்றார் அவர். “நீங்க ஸ்கேன் முடிச்சு வர்றதுக்குள்ளதான் ஆறிப் போச்சு.”